வெறுங்காலோடு விசாவுக்குப் போன அம்மா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டவள் நான். எழுதுவது எனக்குச் சரளமாக வராது. மாதா செய்த நன்மையை நானே எழுதினால் தற்பெருமை போல ஆகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு இந்தக் கதையை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். போன கிறிஸ்துமஸுக்கு நான் கேட்ட கதையில், விசா கொடுத்த வெள்ளைக்கார அதிகாரி அம்மாவின் காலிலேயே விழுந்துவிட்டார். இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. காரைக்காலில் கோவில்பத்துப் பக்கம் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா மின்துறையில் லைன்மேன். அக்காவை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் பிரான்சில் இருந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது உண்டானதும், பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருந்தால்தான் தனக்குத் தைரியம் என்று எழுதினாள். அக்கா வீட்டுக்காரர் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். விசா ஒன்றுதான் பாக்கி.

அம்மா உடனே வேளாங்கண்ணிக்குப் போய் நேர்ந்துகொண்டாள். விசா கைக்கு வரும்வரை காலில் செருப்பில்லை, தாலியைத் தவிர நகையில்லை, காவிச் சேலைதான். பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால், திரும்பி வந்து மாதாவுக்கு முடி காணிக்கை.

அந்தக் கோலத்திலேயே பாண்டிச்சேரி விசா ஆபீசில் போய் நின்றாள். அப்பாவையும் என்னையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே நடந்ததைத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் சொன்னாள். அதிகாரி கேட்பதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு பெண் இருந்தாராம். சொத்து என்ன இருக்கிறது என்று கேட்டார்களாம்.

"நம்மளுதுன்னு என்னங்க இருக்கு, எல்லாம் மாதா குடுத்ததுதான்னேன்."

அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எப்ப திரும்பி வருவேன்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. மாதா எப்ப அனுப்புறாங்களோ அப்பன்னேன். நாளைக்கு நடக்கப்போறது நமக்குத் தெரியுமா?"

துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சிதம்பரம் தாண்டும்வரை அப்பா பேசவே இல்லை.

மறுப்புக் கடிதம் பிரெஞ்சில் வந்தது. எதிர்வீட்டு சொல்தா மாமா படித்துச் சொன்னார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். "போன மனுசி திரும்பி வருவாங்கங்கிறதுக்கு ஒரு புடிமானமும் இல்லேங்கிறான். மறுபரிசீலனை பண்ணச் சொல்லி எழுதிப் போடலாம், நான் எழுதித் தர்றேன்" என்றார்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அடுத்த தெருவிலிருந்து கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"ஏன் அண்ணி, இப்படிப் போயி நின்னா எவன் குடுப்பான்? பிச்சைக்கு வந்திருக்குன்னு நெனச்சிருப்பான். இதைப் போட்டுக்கிட்டு, பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டுப் போங்க."

"மாதாகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வெள்ளைக்காரன்கிட்ட ஒண்ணு காட்டச் சொல்றியா?"

"அப்ப மாதாவே போயி பிரசவம் பாக்கட்டும்!" என்ற அத்தை, சொன்ன வேகத்திலேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நேர்ச்சையிலிருந்து விடுதலை வாங்கித் தருவார் என்று நம்பி அப்பா எங்களைப் பங்குச்சாமியாரிடம் கூட்டிப்போனார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, இது நேர்ச்சைன்னு அந்த அதிகாரிகிட்ட சொன்னியா?" என்றார்.

"அவங்க கேக்கலையே சாமி."

"நீ ஏன் வெறுங்காலோட நிக்கிறேன்னு மாதாவுக்குத் தெரியும். அந்த மனுசனுக்கு யாரு சொல்றது? நேர்ச்சைய விட வேணாம். வாயைத் தொறந்து சொல்லு, போதும்."

சொல்தா மாமா எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தோடு வீட்டுப் பத்திரத்தையும் அப்பாவின் வேலைச் சான்றிதழையும் வைத்து அனுப்பினோம். பதில் வரவில்லை. அக்காவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்து அம்மாவின் பாதம் வெடித்துப் போனது. பூசைக்குப் போகும்போது நிழலுக்கு நிழல் தாவிப் போவாள். நான் அதை விளையாட்டு என்று நினைத்து நானும் தாவுவேன்.

ஒருவழியாக மறுபடி கூப்பிட்டார்கள். "சின்னப்புள்ள ஒண்ணு வீட்டுல இருக்கறது தெரியட்டும்" என்று அப்பா என்னையும் அம்மாவோடு உள்ளே அனுப்பினார்.

அம்மா இந்த முறை தானாகவே நேர்ச்சையைச் சொன்னாள். அதிகாரி எழுந்து, மேசைக்கு மேலாக எட்டி அவள் பாதத்தைப் பார்த்தார். பிறகு என்னவோ கேட்டார்.

"அங்க மக இருக்கா, வசதி இருக்கு. எதுக்குத் திரும்பி வரப்போறீங்கன்னு கேக்கிறாரு" என்றார் அந்தப் பெண்.

அம்மா என் தலையில் கை வைத்தாள். "இவ இங்கதானங்க இருக்கா. இவ அப்பாவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. எல்லாத்துக்கும் மேல, மாதாவுக்கு முடி குடுக்கணும். திருநாளுக்குக் கொடியேத்துறதுக்கு முன்னாடி நான் வேளாங்கண்ணியில நிக்கணுங்க. சாமி கடனை வச்சுக்கிட்டு அங்க எனக்குச் சோறு எறங்குமா?"

அந்தப் பெண் அதை வெகுநேரம் எடுத்துச் சொன்னார். அதிகாரி சிரித்தார். என்னைப் பார்த்து பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். அம்மா திரும்பி வரும்வரை என்னை இங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். சுவரோரம் கிடந்த பெஞ்சு நான் படுக்கக் காணுமா என்று பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் விசாவோடு பாஸ்போர்ட் வந்தது. வாசலுக்கு வந்ததும் அப்பா பைக்குள் கைவிட்டு, பேப்பரில் சுற்றியிருந்த அம்மாவின் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தார்.

"இதை எப்ப எடுத்து வச்சீங்க?"

"போன தடவையே."

அம்மா அழுதாள். என்னை அங்கே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கவில்லை என்ற நிம்மதியில் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் அதே நிம்மதிதான். சிதம்பரம் வரை பேசாமல் வந்த அப்பாவின் மடியில் அந்தச் செருப்பு இருந்தது என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அக்காவுக்கு ஆண் குழந்தை, சுகப்பிரசவம். கொடியேற்றத்துக்கு முன்பே அம்மா திரும்பி வந்து மொட்டை போட்டுக்கொண்டாள்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். அதிகாரி காலில் விழவில்லை, சிரித்தார், அவ்வளவுதான். விசா மாதா கொடுத்தது. செருப்பு அப்பா கொண்டுவந்தது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.