மதகைத் தாண்டும் சத்தம்

எங்கள் தெருவுக்குள் திரும்பும் இடத்தில் ஒரு வாய்க்கால் மதகு இருக்கிறது. சாலையைவிட ஒரு சாண் உயரம். எத்தனை முறை தார் போட்டாலும் அந்த ஏற்றத்தை மட்டும் யாரும் சரிசெய்ததில்லை. மற்ற வண்டிகள் ஒரு குலுக்கலோடு அதைத் தாண்டிப் போய்விடும். எங்கள் பிக்கப் மட்டும் ஏறும்போது ‘கீ…ச்’ என்று இழுக்கும், இறங்கும்போது ‘டொக்’ என்று ஒரு அடி அடிக்கும். அடுப்படியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தாலும் எனக்கு அது கேட்டுவிடும்.

அந்தச் சத்தத்துக்கென்று என் கையில் ஒரு வேலை இருந்தது. என் வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே திருவேட்டக்குடிக்குப் போய் மீன் ஏற்றுவார். மார்க்கெட்டுகளில் இறக்கிவிட்டு, நன்றாக வெயில் ஏறியபிறகு வீட்டுக்கு வருவார். உடம்பெல்லாம் மீன் கவிச்சியும் ஐஸ் தண்ணீரும். அப்படியே வாசல் வழியாக உள்ளே வர நான் விட்டதே இல்லை. கொல்லைப் பக்கமாகச் சுற்றி வந்து, அங்கேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். மதகில் ‘டொக்’ கேட்டதும் நான் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, குழாயடியில் வாளியை வைத்துத் தண்ணீரைத் திறந்துவிடுவேன். அவர் வண்டியை நிறுத்தி, தார்ப்பாயை மடித்து வைத்து, சுற்றி வருவதற்குள் வாளி நிரம்பியிருக்கும். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். யோசித்துச் செய்வதில்லை; கொட்டாவி வந்தால் கை வாய்க்குப் போவதைப் போல அதுவாக நடக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி. சட்டையை மாட்டிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவர் அதன்பின் எழுந்திருக்கவில்லை. வண்டிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வண்டி பாட்டுக்கு வாசலில் நின்றது. காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் அவரவர் ஊருக்குப் போய், மழையும் விட்டபிறகு, என் கொழுந்தனார் அதை எடுத்து ஓட்ட ஆரம்பித்தார். அதே மீன் லோடு, அதே மார்க்கெட். அண்ணனின் வாடிக்கையை விட்டுவிடக்கூடாது என்று அவருக்கு ஒரு வீம்பு.

அவர் ஓட்டிவந்த முதல் நாள் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ‘கீ…ச், டொக்.’ எழுந்து போனேன். தாழ்ப்பாளை நீக்கினேன். குழாயைத் திறந்தேன். வாளி பாதி நிரம்பும்போது வாசலில் கொழுந்தனார் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் ஐஸ் கம்பெனி குழாயிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வருகிற ஆள். அவருக்கு வாளியும் வேண்டாம், கொல்லையும் வேண்டாம். நான் அங்கே நின்றுகொண்டு தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வாளியை ஓங்கி உதைத்தேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு நாளோடு அது நிற்கவில்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள், எழுந்திருக்கவே கூடாது என்று அரிவாள்மணையின் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மதகில் கேட்கும் அந்த ‘டொக்’குக்கும் வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்துக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே இருந்தார். சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்று கேட்டால் சொல்வதற்குப் பதில்கூட எனக்குள் தயாராகிவிடும். அதன்பின் செருப்புச் சத்தம் கேட்கும், அவர் இல்லாமல் போவார். தினமும் இப்படி ஒருத்தி எத்தனை நாள்தான் தாங்குவது? அந்தச் சத்தம் ஒழிந்தால்தான் நான் பிழைப்பேன் என்று தோன்றிவிட்டது.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்கும் எஃப்.சி.க்குக் காட்ட வேண்டிய சமயம் நெருங்கிக்கொண்டிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, அடியெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்குது. இப்புடியே கொண்டுபோய் நிறுத்துனா திருப்பி அனுப்பிடுவாங்க. பாடியத் தூக்கி சேசிஸச் சுத்தம் பண்ணி, ஸ்ப்ரிங் பட்டையெல்லாம் மாத்திடுங்க” என்றேன்.

“அண்ணி, பெயிண்ட் அடிச்சாப் போதுங்க. பட்டையெல்லாம் அண்ணன் பாத்துப் பாத்து வச்சது” என்றார் கொழுந்தனார்.

என் மாமியார் உள்ளேயிருந்து, “ஓடுற வண்டியப் போயி ஏன் பிரிக்கிறீங்க?” என்றார். அதிகம் பேசாதவர். மகன் போனபிறகு அதுவும் குறைந்திருந்தது. “ஓடுறப்பவே பாத்துக்கணும் அத்தை” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

கோவில்பத்தில் இருக்கும் பட்டறைக்கு நானும் கூடவே போனேன். என்னை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் ஸ்ப்ரிங்கில் இருக்கும் இரண்டு ரப்பர் புஷ்ஷை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். செயின் போட்டு மேல்தொட்டியைத் தூக்கினார்கள். கீழே வண்டியின் எலும்புக்கூடு மட்டும் நின்றது. அத்தனை வருஷம் அதன்மேல் உட்கார்ந்து கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போயிருக்கிறேன், அடியில் இப்படி இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

அந்த வண்டியை என் வீட்டுக்காரர் பழையதாகத்தான் வாங்கினார். பிறகு தன் இஷ்டத்துக்கு மாற்றினார். பக்கப் பலகையை உயர்த்தினார், தொட்டிக்குள் தகரம் அடித்தார், ஐஸ் கரைந்த தண்ணீர் வெளியே போகக் குழாய் வைத்தார். அந்தக் குழாய் எப்போதோ நடுவில் உடைந்து, உப்புத் தண்ணீர் முழுக்கச் சேசிஸின் மேலேயே சொட்டியிருக்கிறது. தட்டினால் துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. மூலை இடுக்குகளில் மீன் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. அவர் ஏற்றிய மீன்களுடையது எது, தம்பி ஏற்றியது எது என்று யார் சொல்ல முடியும்?

சும்மா நிற்கப் பிடிக்காமல் கம்பி பிரஷை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தேன். அவருடைய முழுக்கைச் சட்டையைப் புடவையின் மேல் போட்டுக்கொண்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டேன். “அக்கா, ஒங்களுக்கு எதுக்குங்க இந்த வேல” என்று மெக்கானிக் தடுத்துப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. துருத் தூள் கண்ணில் விழுந்தது, தோள் விட்டுப்போனது, நகக்கண்ணெல்லாம் சிவப்பு. சட்டையிலிருந்து அவருடைய வியர்வை வாடை வந்துகொண்டே இருந்தது. துவைத்து மடித்து வைத்திருந்த சட்டை அது. என் வியர்வை பட்டதும் எங்கிருந்தோ கிளம்பிவிட்டது.

மெக்கானிக் பின்பக்க ஸ்ப்ரிங் பட்டைகளைக் கழற்றித் தரையில் வரிசையாகப் போட்டார். ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, “இது செத்துப்போச்சு… இதுவும் செத்துப்போச்சு…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நான் பக்கத்தில் இருப்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. தவறிட்டாரு, போயிட்டாரு, நம்மள விட்டுட்டாரு. அதற்குமேல் யாருக்கும் வாய் வராது.

“சொல்லுங்க. செத்தத செத்ததுன்னுதானே சொல்லணும்” என்றேன்.

அவர் தலையைக் குனிந்தபடி கடைசியாகக் கிடந்த கனமான பட்டையைத் தட்டினார். மணி அடித்த மாதிரி சத்தம் வந்தது. “இது ஒண்ணுக்குத்தாங்க உயிரு இருக்கு. இது இந்த வண்டிப் பட்டையே இல்ல. பழைய பஸ்ஸோடது. லோடு தாங்குறதுக்காக அண்ணன் வெட்டிச் சேத்திருக்காரு. அளவு ஒத்துப்போவாம மத்த பட்டையோட ஒரசிக்கிட்டே இருந்திருக்கு. ஒங்க வண்டி கத்துனது இதாலதான்.”

சத்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, இதோ, ஒரு முழம் இரும்பாக என் காலடியில் கிடந்தது. குனிந்து அதைப் புரட்டினேன். மறுபக்கம் கருத்துப்போன ரப்பர் துண்டு ஒன்று அழுந்தி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே வெள்ளையும் நீலமும் தெரிந்தது.

என் செருப்பு. குளிக்கப் போகும்போது போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு. பல வருஷங்களுக்கு முன்னால் அதில் ஒன்று காணாமல் போய், எதிர் வீட்டு நாய்தான் தூக்கிக்கொண்டு போனதென்று அந்த வீட்டு அம்மாவோடு வாய்ச்சண்டை போட்டு, ஒரு பொங்கல் முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். என் வீட்டுக்காரர் அப்போது ஒன்றுமே தெரியாதவர் மாதிரி பக்கத்தில் நின்று, “விடு, நாய்க்கு என்ன தெரியும்” என்று நியாயம் வேறு சொன்னார்.

“இது சத்தத்துக்கு வச்சதுங்க. பட்டைக்கு நடுவுல ரப்பரச் சொருவுனா கொஞ்ச நாளைக்குக் கத்தாது. அப்புறம் தேஞ்சிடும்” என்றார் மெக்கானிக்.

“ஊரையே எழுப்பிக்கிட்டு வர்றீங்களே, அந்தச் சத்தத்த நிறுத்தவே மாட்டீங்களா” என்று நான்தான் அந்த நாட்களில் அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தேன். பட்டறை என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கொழுந்தனார் வெளியே போய்விட்டார். மெக்கானிக் ஒரு பாட்டில் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு வேறு வண்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.

சாயந்திரம் மெக்கானிக் வந்து கேட்டார். “அண்ணன் வச்ச பட்டை நல்லாத்தான் இருக்குது. புது செட்டோட இத மட்டும் சேத்துக் கட்டிடவாங்க? லோடு நல்லாத் தாங்கும். சத்தம் வராதுன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்.”

“சேத்துடுங்க” என்றார் கொழுந்தனார் உடனே. “அண்ணன் கையால வச்சது.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டும் என்று சொன்னால் ஆயுசு முழுக்க வாளியோடு நிற்பேன். வேண்டாம் என்று சொன்னால் உயிரோடு இருந்த ஒன்றையும் என் வாயாலேயே தள்ளிவிட்டவளாவேன். அந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடிந்தது.

“வேண்டாம்” என்றேன். “முழுக்கப் புதுசாப் போடுங்க. சத்தமே வரக்கூடாது.”

கொழுந்தனார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

துரு போன இரும்புக்கு ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் கறுப்பு அடித்தார்கள். பின்பக்கத்துக்குப் புதுப் பட்டைகள், புதுப் புஷ், நான்கு பக்கமும் புது ஷாக் அப்சார்பர். தண்ணீர்க் குழாயைச் சேசிஸில் படாமல் வெளிப்பக்கமாக இறக்கினார்கள். வண்டி தயாரானதும் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மதகு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஏறியது, இறங்கியது. ஒன்றுமே கேட்கவில்லை. தொட்டிலில் போட்டுத் தாலாட்டிய மாதிரி இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது, “அண்ணி, ஒரு சொம்பு தண்ணி தர்றீங்களா” என்று பின்னால் குரல் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. கொழுந்தனார் வந்து, வண்டியை நிறுத்தி, கை கால் துடைத்துக்கொண்டு அடுப்படிவரை வந்துவிட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை. கொல்லைத் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது, வாளி காய்ந்து கிடந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்கூட.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வெயில் ஏறும் நேரத்தில் ஜன்னல் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தேன். கொழுந்தனார் வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகும் காது தெருவிலேயே இருந்தது. துணி காயப்போடும்போது, ரேஷன் கடையில் நிற்கும்போது, திடீரென்று வீட்டுக்கு ஓட வேண்டும்போல இருக்கும். எதற்கென்று தெரியாது. இரண்டு தரம் ஓடியும் வந்தேன். வாசலில் வண்டி நின்றது, வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது.

அப்படி ஓடிவந்த ஒரு நாள், மாமியார் வாசற்படியில் நின்று மதகைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி அவருக்குப் பக்கத்திலேயே நின்றது. கொழுந்தனார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

“வண்டிதான் வந்துடுச்சே அத்தை. யாரப் பாக்குறீங்க?”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “முன்னெல்லாம் மதகுல சத்தம் கேக்கும். எழுந்து வந்து பாப்பேன். சின்னவன் எறங்குவான். சரி, இன்னிக்கும் அவன் வரலன்னு போயி உக்காந்துக்குவேன். இப்ப சத்தமே இல்ல. எப்ப வருவான்னு எனக்கு எப்புடிடி தெரியும்?”

பக்கத்தில் போய் நானும் நின்றுகொண்டேன். முன்பு என் வீட்டுக்காரர் நாளைக்கு ஒரு தடவைதான் வந்தார். வந்ததும் போய்விடுவார், மிச்ச நாள் எங்களுக்கு இருந்தது. இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நாள் முழுக்க அவர் வருகிற நேரமாகவே இருக்கிறது.