புவோக்கின் பிள்ளைகள்

தோம்பே பேனாவை அழுத்தி இரண்டு பெயர்களை அடித்தான். தாள் கிழிந்தது.

"எதுக்கு அடிக்கிற?" என்றாள் நியாபியேல்.

சண்டை துரத்திவிட்ட குடும்பங்களைத் தெற்கு சூடானின் பென்டியு முகாமில் குடிசை குடிசையாகப் போய் எழுதுகிறவள் அவள். ஒன்பது வருஷமாக. அவளும் துரத்தப்பட்டு வந்தவள்தான். யார் எந்தக் கரையில் ஒதுங்கினார்கள், யார் மறுபடியும் ஓடினார்கள் என்று அவளைக் கேட்டால் போதும். தோம்பே சோளப் பங்கீட்டுப் பட்டியலைச் சரிபார்க்கத் தலைநகரத்திலிருந்து வந்தவன். தெற்கே மலைப்பக்கத்துக்காரன்.

"தகப்பன் புவோக், செத்து எட்டு வருஷம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இந்தப் பையன் டூப்புக்கு மூணு வயசு. தங்கச்சி கைக்குழந்தை. குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்துட்டுப் போனானா?"

தகரக் கூரையடியில் வரிசையாக நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. புவோக்கின் மனைவி தபிதா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"புவோக் பேர்ல மாடு குடுத்துக் கட்டினது இவளை," என்றாள் நியாபியேல். "அவன் போனப்புறம் தம்பி சுவோல் குடிசைக்கு வர்றான். பொறக்கறதெல்லாம் புவோக் பிள்ளை. இதைக்கூட நான் சொல்லணுமா? உங்க ஊர்ல மனுஷங்களே கிடையாதா?"

"சட்டம் பேசாதீங்க அக்கா. அப்பா சுவோல்னு மாத்துங்க. இப்பவே சேத்துடறேன்."

மாற்றினால் ஐந்து பேருக்குச் சோளம். மாற்றாவிட்டால் தபிதாவுக்கும் மூத்த பிள்ளைகள் இருவருக்கும் மட்டும். அதையே ஐந்து பேரும் தின்ன வேண்டும். நியாபியேல் தபிதா பக்கம் திரும்பினாள்.

"டூப் அம்மா, கேட்டியா?"

"கேட்டேன். அவனைச் சுட்டது போதாதா? பிள்ளைங்களையும் அவன்கிட்டேர்ந்து நான் பிடுங்கணுமா? அல்லிக்கிழங்கைத் தின்னு வளரட்டும்."

சோளத்தை வேண்டாமென்கிற இந்தப் பிடிவாதக்காரியை அறையலாம் போலிருந்தது நியாபியேலுக்கு. சுட்டவர்களை, இந்தப் பேனாக்காரனை, 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் செத்தவன் பெயரை யோசிக்காமல் எழுதிய தன் கையையும். நூவர் இனத்தில் பிறந்தவள் வேறு என்னத்தை எழுதுவாள்? பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பக்கங்களைத் தள்ளினாள்.

"இதையும் அடி. லாம், என் சின்னவன். இவன் பொறக்க நாலு வருஷம் முன்னாடியே இவன் அப்பன் செத்தாச்சு."

"அக்கா, உங்களை யார் கேட்டா? வேலை செய்யறவங்க பேரை நான் பாக்கவேயில்லை."

"இப்பப் பாரு. அவ புள்ள பொய்னா என் புள்ளயும் பொய். அடிடா. மை தீந்துபோச்சா?"

"என்கிட்ட பென்சில் இருக்கு, தரவா?" என்றார் வரிசையில் ஒருவர். இப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

தோம்பே யாரையும் பார்க்கவில்லை. லாமின் பெயரை அடித்தான்.

மறுநாள் காலை லாரி வந்தது. தபிதாவுக்கு மூன்று பேருக்கான சோளம் போட்டார்கள். நியாபியேலுக்கு ஒருவர் பங்கு குறைந்தது. பத்து மணி விமானத்தில் தோம்பே போனான். வடக்கு அணைக்கரையில் புதிதாக நாற்பது குடும்பங்கள் வந்து இறங்கியிருந்தன. நியாபியேல் அங்கே போனாள். மதியத்துக்குள் பதினேழு குடும்பங்களை எழுதி முடித்தாள்.