பீன்ஸ் பந்தல் சாய்ந்த விதம்

முடிச்சக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். கொடிக்குக் கம்பு நட்டாலும் சரி, சாக்கின் வாயைக் கட்டினாலும் சரி, சணலை இழுத்து இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டால்தான் அவளுக்கு மனசு ஆறும். கூப்பிடுகிறவர்கள் அந்தப் பெயரில் கொஞ்சம் கேலியையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

அவள் புருஷனும் அவன் தம்பியும் ஒரே தோட்டத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள். நடுவில் ஒரு வரப்பு. இந்தப் பக்கம் முடிச்சக்கா, அந்தப் பக்கம் அவள் ஓரகத்தி சின்னவள். இரண்டு பக்கமும் மருந்து அடிக்காத காய்கறிதான். சனிக்கிழமை காலையில் டவுனிலிருந்து ஆட்கள் வந்து கொட்டகையில் காய் வாங்கிப் போவார்கள். வந்ததும் சின்னவளின் மேஜைக்குத்தான் கால் போகும். யார் வீட்டுக் குழந்தைக்கு எந்தப் பல் விழுந்தது என்பதுவரை அவள் ஞாபகம் வைத்துக் கேட்பாள். முடிச்சக்காவின் தக்காளி ஒரு சுற்றுப் பெரியது. ஆனால் தக்காளியைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசமுடியும்?

புயல் வரப்போகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்றிலிருந்து முடிச்சக்கா உட்காரவில்லை. வடிகாலை ஆழப்படுத்தினாள். ஒவ்வொரு கம்பையும் ஆட்டிப் பார்த்து, ஆடியதையெல்லாம் அடித்து இறக்கினாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, அதே இடத்தில் இன்னொன்று வந்தது. வரப்போரம் நின்று சின்னவளிடமும் எச்சரித்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்தாள் அவள். நாளைக்கு வந்தது காற்றுதான்.

இரண்டு நாள் அடித்து ஓய்ந்தபோது சின்னவளின் கத்தரிப் பாத்திகள் சேறாகக் கிடந்தன. நாற்று வளர்க்கும் கூடாரம் பறந்துபோய் ரோட்டோர மின்கம்பத்தில் தொங்கியது. முடிச்சக்காவுக்குப் போனது ஒரு வரிசை வெள்ளரி மட்டும். வேலியோரம் நின்று இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தபோது அவளுக்கு வயிறு குளிர்ந்தது உண்மை. பாவம் என்று வாய் சொல்லியது. யார் உழைத்தார்கள் என்று இப்போதாவது ஊருக்குத் தெரியட்டும் என்று உள்ளே ஒன்று சொல்லியது.

அந்தக் குளிர்ச்சி சனிக்கிழமை வரைதான் தாங்கியது. அன்று டவுனிலிருந்து பதினைந்து பேர் ரப்பர் பூட்ஸும் மண்வெட்டியுமாக வந்து இறங்கினார்கள். ஓய்வு பெற்ற நர்ஸம்மா, தையற்கடைக்காரர், பாட்டு டீச்சர், எல்லாரும் வாடிக்கைக்காரர்கள். முடிச்சக்காவின் கேட்டைத் தாண்டி நேரே சின்னவளிடம் போனார்கள். அவள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அழும்போதும் பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். முடிச்சக்கா அதையும் கவனித்தாள்.

மழையில் ஊறிய தக்காளி இரண்டு நாளில் வெடித்துவிடும். பீன்ஸை விட்டால் நார் பாய்ந்துவிடும். அறுவடைக்கு நாலு கை வேண்டிய நேரத்தில், கூடப்பிறந்தவனாச்சே, போகாமல் இருக்கமுடியுமா என்று அவள் புருஷனும் வரப்பைத் தாண்டிப் போய்விட்டான். அவள் தனியாகப் பறித்து, தனியாகத் தூக்கினாள். அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சேறு அள்ளும் இடத்தில் என்ன சிரிப்பு என்று எரிச்சலாக வந்தது.

மதியம் நர்ஸம்மா வந்து, வேலை செய்கிறவர்களின் சாப்பாட்டுக்கு இரண்டு பெட்டி காய் கேட்டார்.

“உங்களுக்கென்னம்மா, காத்துகூட உங்ககிட்ட மரியாதையா நடந்துக்கிச்சு,” என்றார்.

முடிச்சக்கா நல்ல காயாகவே பொறுக்கி இரண்டு பெட்டி கொடுத்தாள். அவர் போன பிறகும் அந்தப் பேச்சு காதைவிட்டுப் போகவில்லை. காற்றா மரியாதை காட்டியது? கை புண்ணாகும்வரை கம்பு அடித்தது யார்? சாப்பிட வா என்று அவளை ஒருவரும் கூப்பிடவுமில்லை. பீன்ஸ் வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். கையில் அறுவடைக் கத்தி இருந்தது. பந்தலைக் கம்போடு கட்டியிருந்த முதல் சணலை அறுத்தாள். ஏன் என்று யோசிப்பதற்குள் வரிசையிலிருந்த பதினொரு சணலையும் அறுத்துவிட்டாள். பந்தல் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு, காய்த்த கொடிகளோடு பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது.

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்புக்குப் போனாள். “என் பீன்ஸும் போச்சு,” என்றாள்.

பதினைந்து பேரும் ஓடி வந்தார்கள். பாட்டு டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொப்புளங்களைப் பார்த்துவிட்டு நர்ஸம்மா உச்சுக்கொட்டி மருந்து தடவினார். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். வெளியில் சொல்லக் கூசினாலும், அவளுக்கு அது இனிக்கத்தான் செய்தது.

கடைசியாக வந்த சின்னவள் குனிந்து ஒரு சணல் நுனியை எடுத்தாள். காற்றில் அறுந்தால் நுனி பிய்ந்து பிசிராக இருக்கும். இது சீவிவிட்டது மாதிரி இருந்தது. ஓரகத்தியின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

“ஈரத்துல ஊறி இத்துப்போச்சு போல. பிடிங்க, தூக்கி நிறுத்துவோம்,” என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

பந்தலை நிமிர்த்திக் கட்டிவிட்டு எல்லாரும் குழாயடிக்குப் போனதும், சின்னவள் அந்தச் சணல் துண்டை முடிச்சக்காவின் காலடியில் போட்டாள்.

“என்னோடது மொத்தமா போச்சுக்கா. நீ நிக்கிறத அறுத்துப் போட்டிருக்க.”

“எம் பக்கம் ஒருத்தரும் வரலடி.”

“நீ கூப்பிட்டியா?”

“நீயும்தான் கூப்பிடல. உனக்கு மட்டும் அவங்களாவே வராங்க.”

சின்னவள் கைச் சேற்றை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உனக்காக இல்ல, எம் பக்கம் வந்து சேறு அள்ளுன மாமா முகத்துக்காக,” என்றாள். கோபம் குறையாமலேயே ஒரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு பறிக்க ஆரம்பித்தாள். முடிச்சக்கா எதிர்ப்பக்கம் நின்று பறித்தாள். நடுவில் கொடி இருந்ததால் முகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பொழுது சாயும்போது ஒன்பது பெட்டி நிரம்பியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை வாடிக்கைக்காரர்கள் வருமுன்பே முடிச்சக்கா கொட்டகைக்கு வந்து, புதிதாகப் பறித்த நாலு பெட்டி பீன்ஸைச் சின்னவளின் மேஜையில் வைத்தாள். மன்னித்துக்கொள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கை அவ்வளவு தூரம் வந்தது.

வந்தவர்கள் வழக்கம்போல அந்த மேஜையில்தான் மொய்த்தார்கள். தன் தோட்டமே போன நிலையிலும் ஓரகத்தியின் பந்தலைத் தூக்கி நிறுத்தினாளே, என்ன மனசு என்று நர்ஸம்மா சொல்லிக்கொண்டிருந்தார். தையற்கடைக்காரர் ஒரு பீன்ஸை ஒடித்துப் பார்த்து, இப்படி ஒரு பிஞ்சைப் பார்த்ததே இல்லை என்றார்.

“அது என்னோடது இல்லைங்க. அக்காவோட பீன்ஸ்,” என்றாள் சின்னவள்.

“பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்,” என்றார் நர்ஸம்மா.

சின்னவள் சங்கடப்பட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். முடிச்சக்கா முகம் கொடுக்கவில்லை. காதுவரை சூடேறியிருந்தது. தன் மேஜைக்கு எதிரே யாரும் இல்லாவிட்டாலும், தராசில் தக்காளியை அள்ளி வைத்து நிறுத்துக்கொண்டே இருந்தாள்.