ஒத்திகைப் பிணத்துக்கு ஒரு பெயர்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் அது. மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டு. சாந்தோமில் நாங்கள் ஓடவில்லை. ஓடிப்போக எங்களுக்கு வேறு ஊர் கிடையாது. நான் மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடத்தை முதலுதவி முகாமாக மாற்றி, எங்கள் தலைமையாசிரியரையே குண்டுவீச்சுக் காவலுக்கு வார்டனாகப் போட்டார்கள். தகரத் தொப்பி வந்த நாள் முதல் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடிக்கடி ஒத்திகை நடக்கும். சங்கு ஊதியதும் தொண்டர்கள் சிலர் செத்தவர்களாகவும் கால் ஒடிந்தவர்களாகவும் ரோட்டில் படுத்துக்கொள்வார்கள். கழுத்தில் ஓர் அட்டை தொங்கும்: பெயர், தகப்பன் பெயர், இருப்பிடம், காயம். அவர்களை முகாமுக்குத் தூக்கிவந்ததும் வார்டன் அதை வாயில் வைத்துக் கூவுகிற தகரக் குழாயில் உரக்கப் படிக்க வேண்டும். நிஜமாகவே குண்டு விழுந்தால் வீட்டாருக்குச் சேதி சொல்லிப் பழக வேண்டாமா! முதல் ஒத்திகையில் பையன்கள் நாடக ராஜாக்களின் பெயர்களை எழுதி மாட்டிக்கொண்டு சிரித்ததில் மேலதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. பெயர் என்றால் இந்த ஊர்ப் பெயராக இருக்க வேண்டும், கேட்கிறவன் நம்ப வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

ஊர்ப் பெயராகவும் இருக்க வேண்டும், யார் பெயராகவும் இருக்கக் கூடாது. சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பங்கில் ஞானஸ்நானத்துக்குக் கொடுக்கிற பெயர்கள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் தெருவில் ஒருவன் திரும்பிப் பார்ப்பான்.

"பேரே வேணாம் சார். நம்பர் போட்டுடுங்க" என்றேன் தலைமையாசிரியரிடம். எனக்கு வாய் நீளம் என்று ஏற்கெனவே பேர்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர். எங்கிட்ட விடுங்க" என்றார்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பழைய சிலுவைகளில் இருந்த பெயர், தகப்பன் பெயர், இருப்பிடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்தார். "செத்தவன் இன்னொரு தடவை சாகமாட்டான் பாருங்க" என்று ஒரே சிரிப்பு. என்ன மூளை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் குப்பத்து அம்மாவுக்கு ஒரே மகன். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன். ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு அவனைப் பற்றிப் பேச்சு மூச்சு இல்லை. பர்மாவிலிருந்து காடும் மலையுமாக நடந்து தப்பியவர்கள் ரயிலேறிச் சென்ட்ரலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மீன் விற்றானதும் இவள் காலிக் கூடையோடு அங்கே நடந்துபோய், இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்ப்பாள். "வந்துக்கினு கீறான் டீச்சரம்மா. வழி தூரம் இல்ல?" என்பாள்.

அப்படிப் போகிற வழியில்தான் அன்று ஒத்திகையை வேடிக்கை பார்க்க நின்றாள். தலைமையாசிரியர் குழாயை எடுத்து ஒரு பெயரைப் படித்தார். தகப்பன் பெயரைப் படித்தார். அவள் குப்பத்தின் பெயரைப் படித்தார். "இறந்துவிட்டான்" என்றார்.

நான் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கூடை விழுந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

"இன்னா சொன்னே வாத்யாரே? இன்னொரு தபா சொல்லு."

"ஐயோ, இது ஒத்திகைம்மா. உன் மகன் இல்ல. பழைய கல்லறையில இருந்த பேரு."

கல்லறையில் இருந்தது அவள் மாமனார். குப்பத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். அந்தத் தாத்தாவின் தகப்பனார் பெயர் தாத்தாவின் மகனுக்கு, அதாவது இவள் புருஷனுக்குப் போயிருக்கும். இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். ஆகவே செத்த தாத்தாவும் உயிரோடு இருக்கும் பேரனும் தகப்பன் பெயர் உட்பட ஒன்றுதான். தலைமையாசிரியருக்கு இது தெரியாதா? அவருக்கே அவர் தாத்தா பெயர்தான்! சிலுவையைப் பார்த்து எழுதும்போது மண்டையில் ஏறவில்லை, பாவி மனுஷனுக்கு.

செத்துக் கிடந்த தொண்டன் எழுந்து உட்கார்ந்து, "தோ பாரு ஆயா, நான் உசிரோடதான் கீறேன்" என்றான்.

"உன்னை யார்ரா கேட்டது?" என்றாள் அவள். "சர்க்கார்ல சேதி வந்துகீது. ஒத்திகைன்னு சொல்லி மறைக்கிறீங்க."

பங்குச் சாமியார் வந்து சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை. தொப்பியும் குழாயுமாக நின்று சர்க்கார் ஆள் சொன்னது எப்படிப் பொய்யாகும்? அன்றோடு சென்ட்ரலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், போய்ப் பார்க்கத்தான் பாரேன் என்று கத்தினேன். "பொணம் ரயில்ல வருமா டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

சில மாதங்கள் கழித்து, மழை விட்ட பிறகு, ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் கால் தாங்கித் தாங்கிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பர்மாவிலிருந்து அவள் மகனோடு சேர்ந்து நடந்தவர். மகன் கல்கத்தா வரை வந்து, காய்ச்சலில் தர்ம ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டானாம். "எங்கம்மா டேசன்ல நிக்கும், வந்து இட்டுக்கினு போகச் சொல்லு" என்று இவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். இவர் சென்ட்ரலில் இறங்கித் தேடியிருக்கிறார். அப்படி ஒரு கிழவி வருவாள், இப்போது கொஞ்ச நாளாகக் காணோம் என்று கூலிகள் சொன்னார்களாம். கால் வீங்கி நிற்க முடியாமல் ஊருக்குப் போய்விட்டார். ஆறியதும் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அவளிடம் சொல்லுமுன் சாமியார் கல்கத்தாக் கோவிலுக்குத் தந்தி அடித்தார். மகன் போன மாதம் இறந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டதாகப் பதில் வந்தது.

தலைமையாசிரியர் குப்பத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன்; அவருக்குத் துணையாக இல்லை, அவளுக்கு. அவர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். எனக்கு இரக்கம் வரவில்லை.

அவள் கடைசி வரை கேட்டுவிட்டு, "எப்போ?" என்றாள்.

"போன மாசம்."

"அப்ப நீ கூவுன அன்னிக்கி அவன் உசிரோட இருந்தான்" என்றாள். "அங்க படுத்துக்கினு, தோ அம்மா வரும், தோ வரும்னு வாசலையே பாத்துக்கினு இருந்தான்."