மைன்ஸுக்குள் போன ஊரில் இறங்கினேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் தெருவில் ஒருத்திக்குச் சாமி வந்தபோது, "ஆடினது போதும், போயி ஒலைய வை" என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தவன். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் ஊர் ஆலங்கொல்லை. போய்த் தேடாதீர்கள், இப்போது இல்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது ஊரையே காலி செய்து, சேத்தியாத்தோப்பு போகிற வழியில் புதுக் காலனிக்கு அனுப்பிவிட்டார்கள். காலனியில் பாதி ஆம்பளைகளுக்கு மைன்ஸில்தான் கான்ட்ராக்ட் வேலை. நான் கரி ஏறிப் போகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிறதை வாரிப் போடுகிறவன். ஒரு வேன்தான் எங்களை ஷிப்டுக்கு ஏற்றிப் போய் இறக்கும். நைட் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது பழைய ஊர்த் திருப்பம் வந்தால் போதும், எவனாவது ஒருத்தன் தூக்கத்திலேயே எழுந்து டிபன் பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டுவான். உடம்புக்கு அந்த இடம் பழகிவிட்டது, என்ன செய்ய? டிரைவர் அண்ணன் கத்துவார், "டேய், உங்க ஊரு மைன்ஸுக்குள்ள பூடுச்சுடா, குந்து!" வேனே சிரிக்கும்.

ஊரைக் காலி செய்தபோது என் மனைவி அமுதா கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்களுக்கு முதலில் ஒரு பெண் பிள்ளை பிறந்து பதினோரு நாள் இருந்தது, பெயர்கூட வைக்கவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தேன். சுடுகாட்டுப் பக்கம் பொம்பளைகள் வரக்கூடாது என்பது எங்கள் வழக்கம், அதனால் இடம்கூட அவளுக்குத் தெரியாது. "மெஷினு வர்றதுக்குள்ள அந்த எடத்துலேர்ந்து ஒரு புடி மண்ணு எடுத்தாந்து குடுங்க" என்றாள். சரி என்றேன், போகவில்லை. போகக் கால் வரவில்லை என்பதுதான் நிஜம். கடைசி நாளில் தெருக்குழாயடியில் ஒரு பிடி வாரிக் கொடுத்துவிட்டேன், படுபாவி. அவள் அதை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கமே திரும்பமாட்டேன்.

இப்படியே ரெண்டு வருஷம் ஓடியது. ஒரு மார்கழி, நைட் ஷிப்ட் முடிந்து வருகிறோம். அன்றைக்கு மாற்று டிரைவர், ரோடே தெரியாத பனி. திருப்பத்தில் நான்தான் எழுந்து தட்டியிருக்கிறேன். அந்த ஆளுக்கு என்ன தெரியும், நிறுத்தி இறக்கிவிட்டுப் போய்விட்டான். மற்றவர்கள் நல்ல தூக்கம். நானும் முழுசாக விழிக்காமல் நடக்க ஆரம்பித்தேன், கால் அதுபாட்டுக்குப் போகிறது, செம்மண் பாதை, வேலியோர நொச்சி, யார் வீட்டிலோ சாணி தெளிக்கிற சத்தம். கொஞ்ச தூரம் போன பிறகுதான் பெல்ட் ஓடுகிற இரைச்சல் காதில் விழவில்லையே என்று உறைத்தது. எங்கள் பக்கத்தில் அந்த இரைச்சல் இல்லாத நேரமே கிடையாது. நிமிர்ந்து பார்த்தால் எங்கள் தெரு.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. எல்லாம் மெதுவாக, ஈரமாக, அழகாக இருந்தது. ஒரு பெண் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை.

"கோலத்த மிதிக்காத போ" என்றாள். நான் ஒதுங்கினேன். "மண்ணு எடுக்கத்தான வந்த? போ, போ."

அந்த மண் விஷயம் என்னையும் அமுதாவையும் தவிர யாருக்கும் தெரியாது. ஆனாலும் யாரம்மா நீ என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பூவரச மரத்தைத் தாண்டிப் போனேன். பிள்ளையைப் புதைத்த அதே இடம், சின்ன மேடு. உட்கார்ந்து ஒரு பிடி எடுத்தேன். பனியில் நனைந்த மண், விரல் விறைத்துப் போகிற குளிர். துண்டில் முடிந்துகொண்டு எழுந்தால், காதை அடைக்கிற மாதிரி பெல்ட் சத்தம். எனக்கு முன்னால் கம்பிவேலி, அதற்கு அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். தெரு, மரம், ஒன்றும் இல்லை. துண்டில் மட்டும் முடிச்சு இருந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்ததும் அமுதாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன், குழாயடி மண்ணையும் சேர்த்துத்தான். ரெண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள். "ரெண்டு வருசமா எதத்தாங்க கும்புட்டுக்கினு இருந்தேன்?" என்று கேட்டாள். அப்புறம் துண்டை அவிழ்த்து, மண்ணில் உள்ளங்கையை வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, சூடா கீதுங்க."

கைச்சூடாக இருக்கும் என்றேன். அவள் தங்கச்சி வந்து தொட்டுப் பார்த்தாள், அவளும் சூடு என்கிறாள். மைன்ஸ் குவார்ட்டர்ஸில் ஒரு இன்ஜினியர் சாரிடம் பட்டும் படாமலும் கேட்டேன். பழுப்புக் கரி தானாகவே சூடாகும் என்றார். இது மேல்மண் சார், கரியே கிடையாது என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மண் இப்போது ஒரு எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. தினமும் விடிந்ததும் அமுதா அதில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். ரெண்டு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில் வரும். "நீங்களும் தொட்டுப் பாருங்க" என்று கூப்பிடுவாள். வேனுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவேன். இன்று வரைக்கும் தொடவில்லை. அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோது என் கையில் இருந்த குளிர் இருக்கிறதே, அது இன்னும் போகவில்லை. நான் தொட்டு அந்த மண் ஆறிப்போய்விட்டால், அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?