செவ்வாய் சாரின் வழியனுப்பு விழா

தன் கணவர் வேறொரு கிரகத்துக்குக் குடிபோகப்போகிறார் என்ற செய்தி அழகு நிலையக்காரிக்கு ஒரு வாடிக்கையாளரின் தலை வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அந்தப் பெண்ணின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் திடீரென்று திரையைத் தூக்கிக் காட்டினாள்.

"அக்கா, இது உங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்காரே?"

மாதிரி என்ன, அவரேதான். காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டை. பின்னால் சிவப்பு மண்ணும் பாறையுமாக ஒரு படம். "போனா திரும்ப முடியாதுன்னு தெரியும். ஆனா பூமியில என்னைப் பிடிச்சு வைக்க எதுவும் இல்ல" என்று கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாடிக்கையாளர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அழகு நிலையக்காரி, "தலையை ஆட்டாதீங்க, நெத்தியில ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு மிச்சச் சாயத்தையும் பூசி முடித்தாள். கை மட்டும் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது.

வீட்டின் முன்னறையில் ஒற்றை நாற்காலியோடு தொடங்கிய கடை அது. இன்றைக்கு மூன்று நாற்காலி, இரண்டு உதவியாளர்கள். கல்லூரியில் படிக்கும் மகளின் படிப்பும் வீட்டு வாடகையும் அந்தக் கடையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்சை எப்போது விடுவது என்று சொல்லிக்கொடுத்த மனிதர். தனக்குள் ஒரு பெரிய ஆள் ஒளிந்திருப்பதாகவும், உலகத்துக்குத்தான் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை என்றும் அவருக்கு ரொம்ப நாளாக ஓர் எண்ணம்.

அன்று மாலை அவர் தலைகால் புரியாமல் வந்து நின்றார்.

"ஆயிரக்கணக்கான பேர்ல என்னைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. செவ்வாய்க்குப் போற முதல் குழுவுல நான் இருக்கேன்."

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா உனக்குப் புரியாது. இது மனித குலத்தோட விஷயம்."

"அந்த மனித குலத்துல நானும் உங்க பொண்ணும் சேர்த்தியா, இல்லையா?"

அவர் சட்டையை மாற்ற உள்ளே போய்விட்டார். மனித குலத்துக்காகக் கிளம்புகிறவர்களுக்கு இந்த மாதிரிச் சில்லறைக் கேள்விகளுக்கு நேரமிருப்பதில்லை.

அடுத்த வாரம் குடும்பத்தாருக்கான கூட்டம் என்று அவரைத் தேர்ந்தெடுத்த கம்பெனி அழைத்தது. தாயும் மகளும் போனார்கள். கிரகத்துக்கு ஆள் அனுப்பும் கம்பெனி ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இரண்டு அறைகளில் இருந்தது. ராக்கெட் இல்லை. ராக்கெட் செய்யும் பட்டறை இல்லை. பட்டறைக்கு இடம்கூடப் பார்த்து வைக்கவில்லை. கண்ணாடிக் கதவு, காபி இயந்திரம், விதவிதமான பனியன்கள், எந்நேரமும் ஓடும் கேமரா, இவ்வளவுதான் இருந்தன. கறுப்புப் பனியன் போட்ட நிறுவனர் மேடையில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே பேசினார். கீழேயிருந்து பல்லை ராவும் சத்தம் வரும்போதெல்லாம் குரலை உயர்த்தினார்.

மகள் கையைத் தூக்கினாள். "அரசாங்கங்களே இன்னும் ஒரு ஆளைக்கூட அங்க இறக்கல. போய்ச் சேரவே மாசக்கணக்கா ஆகும், வழியெல்லாம் கதிர்வீச்சு. இறங்கினா சுவாசிக்கக் காத்து கிடையாது. உங்ககிட்ட வண்டியே இல்லையே, எப்படி அனுப்புவீங்க?"

"நல்ல கேள்விம்மா. வாடகைக் கார் கம்பெனிக்காரன் காரைத் தானே செய்யறானா? செய்யறவங்க செய்வாங்க. நாங்க ஆளை ஏத்தி விடுவோம்."

"யாரு செய்யறாங்க?"

"அதெல்லாம் டெக்னிக்கல்."

"அப்போ நீங்க என்னதான் செய்யறீங்க?"

"கனவு" என்றார் நிறுவனர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். எல்லோரையும் விடப் பலமாகத் தட்டியது அழகு நிலையக்காரியின் கணவர்தான்.

சீக்கிரமே செய்தி தெருவெல்லாம் பரவி, அவருக்கு 'செவ்வாய் சார்' என்று பெயர் விழுந்தது. "சார் செவ்வாய்க்குப் போறாராமே, புதன்கிழமை வந்துடுவாரா?" என்று எதிர்க்கடைக்காரர் தினமும் கேட்டார். சார் அதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார். வேலையை விட்டார். தனிமைப் பயிற்சி என்று மொட்டைமாடி அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டை ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும், முகம் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு. அழகு நிலையக்காரி ஒரு வேளை நீட்டினாள். மறுவேளை நீட்டவில்லை. "அங்க யாரு கொண்டுவந்து நீட்டப் போறாங்க?" என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். பொழுது சாய்வதற்குள் விண்வெளி வீரர் கீழே இறங்கி, அடுப்படியில் பாத்திரங்களைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?"

"அவசர வெளியேற்றப் பயிற்சி" என்றார்.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் கடையில் தனியாக இருக்கும்போது அந்த ஒற்றை வாக்கியம் வந்து நெஞ்சில் தைக்கும். பிடித்து வைக்க எதுவும் இல்லையாம். ஒருநாள் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டே நினைத்தாள்: இன்னொருத்தி பின்னால் போயிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம். காற்றும் தண்ணீரும் இல்லாத ஒரு பாழ்நிலத்துக்குப் போய் எப்படிச் சண்டை போடுவது?

பிறகு வழியனுப்பு விழா வந்தது. புறப்படும் தேதி மட்டும் வரவில்லை. அது கிடக்கட்டும், விழாவை முடித்துவிடலாம் என்றது கம்பெனி. வாடகை மண்டபத்தில் அட்டை ராக்கெட் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். தேர்வான ஒவ்வொருவரும் வெள்ளி நிற உடையில் வர வேண்டும், குடும்பத்தார் கட்டிப்பிடித்து அழ வேண்டும், கேமரா படம் பிடிக்கும்.

"கொஞ்சம் கண்ணீர் வந்தா நல்லா இருக்கும் மேடம்" என்றான் படமெடுப்பவன்.

"வந்தா பார்ப்போம்" என்றாள் அவள்.

செவ்வாய் சார் ஆடி அசைந்து வந்தார். பாதி மேடையில் தலைக்கவசத்தின் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்தது. கவசத்தில் காற்றுக்கு ஓட்டை வைக்க மறந்திருந்தார்கள். அவர் இரண்டு கையாலும் அதைத் தட்டினார். கூட்டம் அதை வணக்கம் என்று நினைத்துக் கைதட்டியது. அவர் இன்னும் வேகமாகத் தட்டி, அட்டை ராக்கெட்டில் மோதினார். ராக்கெட் சாய்ந்தது. நிறுவனர் ஆளைப் பிடிப்பதை விட்டுவிட்டு ஓடிப்போய் ராக்கெட்டைத் தாங்கிக்கொண்டார்.

காற்றில்லாத கிரகத்துக்குப் போகிறவருக்கு மண்டபத்திலேயே மூச்சு முட்டியது. அழகு நிலையக்காரி மேடையேறி, அவர் தலையைக் கக்கத்தில் இடுக்கி, கவசத்தைப் பிடித்து இழுத்தாள். நாலாவது இழுப்பில் அது கழன்று வந்தது. வெளியே வந்த முகம் வியர்த்து, காது சிவந்து, திருவிழாவில் தொலைந்த குழந்தை முகம் மாதிரி இருந்தது.

"எதுவும் இல்லன்னீங்களே, இப்போ யாரு பிடிச்சு இழுத்தா?" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியாமல் மேடையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணீரும் வந்தது. படமெடுத்தவன் அதை விடாமல் எடுத்துக்கொண்டான்.

அந்தப் படம் ஊரெல்லாம் ஓடிய பிறகு கம்பெனி அதிக நாள் ஓடவில்லை. முதலில் பயணம் தள்ளிப்போனது, பிறகு போனை எடுக்கவில்லை, கடைசியில் கண்ணாடிக் கதவில் பூட்டு தொங்கியது. நிறுவனர் கம்பி நீட்டிவிட்டார். இப்போது கடலுக்கடியில் நகரம் கட்டப்போவதாக வேறெங்கோ மேடையில் நடந்துகொண்டிருக்கிறாராம். பல் மருத்துவர் மாடியையும் தானே எடுத்துக்கொண்டார்.

பயிற்சிப் பள்ளி செவ்வாய் சாரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது, வகுப்பறையில் சாலைக் குறிகளை விளக்க. அங்கேயும் மாணவர்கள் புதன்கிழமையைப் பற்றிக் கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன், அவர் காலி நாற்காலி ஒன்றில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு தடவையாவது போகாதீங்கன்னு நீ சொல்லலையே" என்றார்.

"போகட்டுமான்னு நீங்க கேட்டீங்களா?"

அவர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சீப்புகளை அலசி, உலர வைத்தாள். பிறகு எழுந்து, "டீ போடட்டுமா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"போடுங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "உனக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"

அவள் சர்க்கரையை விட்டு வருஷக்கணக்காகிறது. திரும்பி அடுப்படிக் கதவைப் பார்த்தாள். "எனக்குச் சர்க்கரை கிடையாது" என்று சத்தமாகச் சொன்னாள், "இதையாவது ஞாபகம் வச்சுக்கோங்க."

தூளை அள்ளிப் போட்டிருந்ததால் டீ கடுங்கசப்பாக இருந்தது. பாதி குடித்துவிட்டு, வாசலில் காத்திருந்த வாடிக்கையாளரை உள்ளே கூப்பிட்டாள்.