கறுப்புப் போர்வை விழுந்த நேரம்

எனக்கு ஒரு கோதுமைத் தட்டின்மேல் பொறாமை வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், பிரித்தானியாவில் மிச்சம் என்ற இடத்தில் ஒற்றையறை வீடு. என் மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. ஒரே வார்டில் வேலைசெய்த சிசிலிக்காரி சொல்லிக்கொடுத்தபடி, ஈஸ்டருக்குச் சில கிழமைகள் முன்பே ஈரப் பஞ்சில் கோதுமையைத் தூவி, அலுமாரி இருட்டில், என் சட்டைகளுக்குக் கீழே வைத்தாள். காலையில் கண் விழித்ததும் அவள் பார்க்கப் போனது அதைத்தான்.

"நவராத்திரிக் கும்பத்துக்கு நாங்களும் முளை போடுறதுதானே. இதில என்ன புதினம்?"

"இது வெளிச்சம் படாமல் வளரவேணும். வெளிறி வந்தால்தான் பெரிய வியாழனுக்குக் கோயிலில வைக்கலாமாம். நீங்கள் திறந்து திறந்து பாக்காதேங்கோ."

இருட்டில் வெளிறுவதைப் பற்றி எனக்கா சொல்லவேண்டும்? என் அகதி வழக்கு ஏதோ ஓர் அலுவலகத்து இழுப்பறைக்குள் அப்படித்தான் கிடந்தது. முடிவு வரும்வரை நான் நாட்டைவிட்டு வெளியே போகமுடியாது. அவளிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு. ஈஸ்டருக்குத் தன் ஊருக்கு வரும்படி சிசிலிக்காரி கூப்பிட்டாள். இவள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு விமானம் ஏறினாள். "போயிட்டு வாறன்" என்ற குரலுக்குள் தேடிப் பார்த்தேன். காற்று இருந்தது, கடல் இருந்தது, நான் இல்லை.

பெரிய வெள்ளியன்று அங்கிருந்து போன் எடுத்தாள். ஊரே தெருவிலாம். ஞாயிறு மத்தியானம்தான் விசேஷமாம்: கறுப்புப் போர்வை போர்த்த மாதா சிலையை மகனைத் தேடித் தெருத்தெருவாய்த் தூக்கிக்கொண்டு போவார்கள். உயிர்த்த மகனின் சிலையைத் தூரத்தில் கண்டதும் போர்வை விழும், புறாக்கள் பறக்கும், தாய் குனிந்து மகனைக் கொஞ்சுவாள்.

"உமக்கு அங்க நல்லாய்ப் பிடிச்சுப்போச்சு போல."

"ஓம், பின்ன? சனம் விடுகுதில்லை. ஒரே சாப்பாடு."

நான் முதல்நாள் குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மழை. போன் அடித்தது. "இஞ்சருங்கோ, கேளுங்கோ" என்றாள். பிறகு அவள் குரல் இல்லை. மணிகள், பாண்ட் வாத்தியம், பின் ஒரு முழு ஊரும் ஒரே தொண்டையாய்த் திறந்த ஆரவாரம். அவள் பார்க்கிறாள், எனக்குச் சத்தம் மட்டும். மரச்சிலைகள்கூட ஒன்றையொன்று தேடிப் போகின்றன. நானில்லாமல் இவளுக்கு ஒன்றும் குறையவில்லை.

கட்விக் விமான நிலையத்தில் அதே நினைப்போடுதான் நின்றேன். என்னைக் கண்டதும் ஓடிவருவாளா? ஓடவில்லை. யாழ்ப்பாணத்துக்காரி, நாலு பேர் முன்னால் கையைக்கூடத் தொடமாட்டாள். பையின் ஒரு காதை நீட்டினாள். வெயிலில் கறுத்திருந்தாள். அது வடிவாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் கேட்டேன், "மாதா எப்பிடிக் கொஞ்சினவ?"

"நான் எங்க கண்டனான்?"

"அங்கதானே நிண்டனீர்!"

"போன் பெட்டிக்குள்ள நிண்டனான். வயர் கட்டை. ரிசீவரை வெளியில நீட்டினால் என்ர முகம் சுவர்ப்பக்கம். உங்களுக்குக் கேக்கட்டும் எண்டு கை உளைய உளையப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். திரும்பினால் எல்லாம் முடிஞ்சுது. சிசிலிக்காரி இன்னும் ஏசுறாள், 'விசரி, இதைப் பாக்கத்தானே வந்தனீ' எண்டு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஈர வீடுகள் ஓடின. திரும்பாமலே, "கை இன்னும் உளையுதோ?" என்றேன்.

"ஓம்."

இறங்கும்போது பையின் மற்றக் காதையும் நானே வாங்கிக்கொண்டேன்.